கடற்பஞ்சுகளின் மரபணு வேறுபாட்டை அளப்பது எப்படி: மண்டபத்தின் இரு கரைகளை முன்வைத்து ஒரு செய்முறை

இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபத்தின் வடகரையில் இறங்கினால் பாக் விரிகுடா, தென்கரையில் இறங்கினால் மன்னார் வளைகுடா. நடுவில் இருப்பது நடந்தே கடந்துவிடக்கூடிய நிலத்துண்டு. இரு பக்கத்துப் பாறைகளிலும் செத்த பவளங்களிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் கடற்பஞ்சுகள் ஒட்டியிருக்கின்றன. அவை தமக்குள் கலந்து பெருகும் ஒரே கூட்டமா, இராமர் பாலத்தின் மணல்திட்டுகளால் பிரிந்துபோன இரு கூட்டமா, அல்லது உருவத்தில் மட்டும் ஒத்த இரு வேறு இனங்களா? இந்தக் கேள்விக்கு மரபணுவைக் கொண்டு விடை தேடும் முழு வேலையையும், அனுமதி வாங்குவதிலிருந்து தரவைப் பொதுவில் வைப்பது வரை, இங்கே வரிசையாகச் சொல்கிறோம். முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. வேறு கடற்கரைகளில் வேலை செய்பவர்கள் ஊர்ப்பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.

இந்த இடம் ஆய்வுக்கு ஏன் இவ்வளவு பொருத்தம் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். வளர்ந்த கடற்பஞ்சு இடம்விட்டு இடம் போகாது. அதன் இளவுயிரி மட்டுமே நீந்தும். அதுவும் பெரும்பாலான இனங்களில் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரைதான். எனவே சிறு தடை இருந்தாலும் மரபணுவில் அதன் தடம் விழ வாய்ப்பு அதிகம். அடுத்தது கடலின் வயது. பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் ஒன்பது மீட்டர் அளவுதான். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அன்று பாக் விரிகுடா முழுவதும் தரை. ஆக, இன்று அங்கே வாழும் ஒவ்வொரு கடற்பஞ்சின் மூதாதையும் கடல் மீண்டும் ஏறியபின் எங்கிருந்தோ வந்து குடியேறியதுதான். தெற்கே மன்னாரிலிருந்தா, வடக்கே சோழமண்டலக் கரையிலிருந்தா என்பது மரபணு சொல்லக்கூடிய செய்தி.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். கடற்பஞ்சு ஆய்வில் பாதி வேலை டிஎன்ஏ குழாயைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எது ஓர் உயிர், எது ஓர் இனம் என்ற இரண்டையும் சரியாகப் பிரிக்காமல் எடுத்த வரிசைகளிலிருந்து எவ்வளவு அழகான மரவரைபடம் வந்தாலும் அதற்குப் பொருள் கிடையாது.

எந்த இனத்தை எடுப்பது

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் சேர்த்து 275 கடற்பஞ்சு இனங்கள் பதிவாகியுள்ளன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி. ஏ. தாமஸ் பல ஆண்டுகள் செய்த வகைப்பாட்டு வேலைதான் இதற்கு அடிப்படை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு தகுதிகளைப் பாருங்கள்: இரு கடலிலும் கிடைக்க வேண்டும், ஓரிடத்தில் 30 உயிர்களாவது இருக்க வேண்டும், நீருக்குள்ளேயே ஓரளவு அடையாளம் தெரிய வேண்டும், ஊசிமுட்களில் (பஞ்சின் உடலைத் தாங்கும் நுண்ணிய முட்கள்) தெளிவான அடையாளம் இருக்க வேண்டும்.

இந்த நான்குக்கும் நன்றாகப் பொருந்துவது ஸ்பீசியோஸ்பாஞ்சியா இன்கான்ஸ்டன்ஸ். விலங்கியலாளர் ஆர்தர் டெண்டி 1887இல், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சென்னைக் கரையில் சேகரித்து அனுப்பிய மாதிரிகளை வைத்து விவரித்த இனம் இது. அப்போதே அவர் இதில் உருண்டை வடிவம், விரல் வடிவம், மடிப்பு மடிப்பான வடிவம் என மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். மூன்றும் ஒரே இனம்தானா என்பதை மரபணுவால் சோதிப்பதே தனி ஆய்வாக அமையக்கூடியது. இதில் விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. இனத்தின் பெயர் எந்தக் கரையின் மாதிரிக்கு வைக்கப்பட்டதோ அந்தக் கரையிலிருந்தும் மாதிரி வேண்டும். நாளைக்கு உங்கள் தரவு இரண்டு இனங்களாகப் பிரிந்தால், பழைய பெயர் எதற்குச் சேரும் என்பதைச் சென்னை மாதிரி இல்லாமல் தீர்க்க முடியாது.

ஹாலிகுளோனா போன்ற மெல்லிய பஞ்சுகளைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. ஒரே வகை எளிய ஊசிமுள்தான் இருக்கும், இனம் பிரிக்கத் தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். சுண்ணாம்பு ஊசிமுள் கொண்ட கல்கேரியா வகுப்பைத் தொட்டால் வழிமுறையே மாறும். அதைப் பின்னால் பார்ப்போம்.

"உலகெங்கும் காணப்படுவது" என்று புத்தகத்தில் போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சங்கையும் சிப்பியையும் துளைக்கும் கிளையோனா செலாட்டா நெடுங்காலம் அப்படித்தான் கருதப்பட்டது. 2010இல் வெளிவந்த மூலக்கூறு ஆய்வு, அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது நான்கு தனித்த கிளைகள் மறைந்திருப்பதைக் காட்டியது. பெருஞ்சாடிபோல் வளரும் செஸ்டோஸ்பாஞ்சியா பஞ்சுகளிலும் இதே கதை. அட்லாண்டிக்கில் ஒரு பெயர், இந்தோ-பசிபிக்கில் வேறு பெயர் என்று இருந்தாலும், ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட மறை இனங்கள் (உருவத்தில் ஒத்து, மரபணுவில் வேறுபட்டவை) வாழ்கின்றன.

அனுமதி

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீர்ப்பரப்பும் அதில் அடங்கும். அதற்குள் ஒரு துண்டு பஞ்சை வெட்டுவதற்கும் தமிழ்நாடு தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். கல்கேரியா வகுப்பு முழுவதும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டது என்பதால், பூங்காவுக்கு வெளியிலும் அவற்றைத் தொட அனுமதி தேவை. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுகுங்கள். அனுமதிக் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும். காற்று ஓயும் பருவத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள்.

எங்கே, எத்தனை, எவ்வளவு இடைவெளியில்

ஆறு முதல் எட்டு இடங்கள் போதும். ஆனால் அவை வெவ்வேறு தொலைவுகளில் அமைய வேண்டும். மண்டபம் வடகரை, மண்டபம் தென்கரை, பாம்பனை ஒட்டி ஒன்று, கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களில் (கடலடிப் பாறைத்திட்டுகள்) ஒன்று, பாக் விரிகுடாவில் தொண்டிப் பக்கம் ஒன்று, சென்னை. இலங்கைக் கரையில் கூட்டு ஆய்வு வாய்த்தால் மிகச் சிறப்பு. அங்கே 1902இல் உயிரியலாளர் ஹெர்ட்மன் சேகரித்த கடற்பஞ்சுகளை டெண்டி 1905இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிய துணை.

ஒவ்வோர் இடத்திலும் மைக்ரோசாட்டலைட் முறைக்கு (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு எழுத்துத்தொடர்களின் நீளத்தை ஒப்பிடுவது) 30 உயிர்கள், ஒற்றையெழுத்து மாற்றங்களை ஆயிரக்கணக்கில் படிக்கும் முறைக்கு 15 முதல் 20 உயிர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று ஐந்து மீட்டராவது இடைவெளி விடுங்கள். காரணம், கடற்பஞ்சு உடைந்தால் உடைந்த துண்டு வேறிடத்தில் ஒட்டி வளரும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பத்தும் ஒரே உயிரின் நகல்களாக இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் இடைவெளி விட்டே எடுத்தால் இந்த நகலாக்கம் எவ்வளவு நடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். அதனால் ஓர் இடத்திலாவது பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் அரை மீட்டர் துல்லியத்தில் வரைந்துகொள்ளுங்கள். பலர் நேரமில்லை என்று விட்டுவிடும் பகுதி இதுதான். பகுப்பாய்வின்போது எல்லோரும் தேடுவதும் இதைத்தான்.

பாக் விரிகுடா வாடைக்காற்றில் (வடகிழக்குப் பருவக்காற்று) கலங்கும், மன்னார்ப் பக்கம் கச்சான் காற்றில் (தென்மேற்குப் பருவக்காற்று) கலங்கும். வாடை ஓய்ந்து கச்சான் எழுவதற்கு முன், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இரு கடலிலும் இறங்கலாம். இரு பக்கத்து மாதிரியையும் ஒரே பருவத்தில் எடுத்து முடியுங்கள். சங்கு குளிப்பவர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாரில் எந்தப் பஞ்சு இருக்கிறது என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. அதற்குரிய கூலியையும், கட்டுரையில் நன்றியையும் தவறாமல் கொடுங்கள்.

நீருக்குள் செய்ய வேண்டியவை

வெட்டுவதற்கு முன் படம் எடுங்கள். அளவுகோலையும் மாதிரி எண்ணையும் பக்கத்தில் வைத்து, முழு உடலுக்கு ஒன்று, மேற்பரப்பு நெருக்கத்தில் ஒன்று. சாராயத்தில் (எத்தனால்) போட்ட ஒரு நாளில் நிறம் போய்விடும், மேற்பரப்பின் துளைகள் சுருங்கிவிடும். பிறகு படம்தான் சாட்சி. தொட்டால் எப்படி இருக்கிறது, சளி வடிகிறதா, படகில் ஏற்றியதும் என்ன வாடை அடிக்கிறது என்பதையும் எழுதுங்கள். இனம் பிரிக்கும்போது இவை உதவும்.

கையுறை கட்டாயம். ஊசிமுள் குத்துவது ஒரு பக்கம் இருக்க, டெடானியா, நியோஃபிபுலேரியா போன்ற பேரினங்கள் தோலில் கடும் எரிச்சலையும் தடிப்பையும் உண்டாக்கும்.

பெருவிரல் அளவுள்ள ஒரு துண்டு போதும். உடலின் ஓரத்திலிருந்து, வெளித்தோலும் உட்பகுதியும் சேர்ந்து வரும்படி வெட்டுங்கள். அடிப்பகுதியைப் பாறையிலிருந்து பெயர்க்காதீர்கள். அது ஒட்டியிருந்தால் காயம் ஆறி மீண்டும் வளரும். மொத்த உடலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கையளவுகூட இல்லாத சிறியவற்றை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு துண்டும் நீருக்குள்ளேயே தனித்தனி ஜிப் பைக்குள் போக வேண்டும். ஒரே பையில் இரண்டு துண்டு கலந்துவிட்டால் இரண்டையும் கைவிடுங்கள், ஏனென்றால் ஒன்றின் உயிரணு மற்றதன் கால்வாய்க்குள் புகுந்துவிடும். கத்தியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள், இல்லையெனில் அலகை மாற்றுங்கள்.

படகில் ஏறியதும் துண்டை இரண்டாகப் பிரியுங்கள். பட்டாணி அளவுள்ள சில துணுக்குகள் டிஎன்ஏவுக்கு. மீதி, அடையாளச் சான்று மாதிரிக்கு.

சாராயத்தில்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெடுகின்றன. கடற்பஞ்சின் எடையில் பெரும்பகுதி நீர். 95 சதவீத எத்தனாலில் போட்டாலும், துண்டு பெரிதாக இருந்தால் உள்ளே செறிவு சட்டென இறங்கிவிடும்; திசு அழுகத் தொடங்கும். பஞ்சு ஒரு பங்கு என்றால் எத்தனால் பத்துப் பங்கு இருக்கட்டும். அன்று மாலையே ஒருமுறை, மறுநாள் இன்னொரு முறை முழுவதும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். பிறகு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். கடையில் கிடைக்கும் டினேச்சர்டு ஸ்பிரிட் கூடாது, அதில் மெத்தனால் போன்ற கலப்புகள் இருக்கும். தூய எத்தனாலுக்கு ஆய்வகத்தின் கலால் உரிமம் தேவைப்படும் என்பதால் அதையும் முன்கூட்டியே பாருங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவை வெட்டிச் சிதைக்கும். அதை படகிலேயே ஏற்றாதீர்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். தடித்த காகிதத்தில் பென்சிலால் எண் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், வெளியிலும் ஒன்று ஒட்டுங்கள்.

சான்று மாதிரியை ஆய்வு முடிந்ததும் வீட்டு அலமாரியில் வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை. சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் கடல் உயிரியல் மையம் போன்ற பொதுச் சேகரத்தில் ஒப்படைத்துப் பதிவெண் வாங்குங்கள்.

ஊசிமுள் பார்த்தல்

டிஎன்ஏவுக்கு முன் இதை முடியுங்கள். அரிசி மணி அளவு துண்டை, வெளித்தோலும் உட்பகுதியும் சேர, சோதனைக்குழாயில் போட்டு வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச் திரவத்தை இரண்டு மில்லி ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் மென்திசு கரையும். தோல்போன்ற தடித்த பஞ்சுக்கு ஓரிரவு விடலாம். பிறகு தண்ணீர் விட்டு, ஊசிகள் படியும் வரை காத்திருந்து, மேல்நீரை உறிஞ்சி எடுங்கள். இப்படி நான்கு முறை. கடைசியில் எத்தனாலால் கழுவி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு மூடுங்கள்.

இங்கே நடக்கும் வழக்கமான பிழை, அவசரம். ஸ்பீசியோஸ்பாஞ்சியாவில் இரண்டு வகை ஊசி உண்டு. ஒரு முனையில் குமிழும் மறுமுனையில் கூர்மையும் கொண்ட டைலோஸ்டைல் நீளமானது, சில நிமிடங்களில் அடியில் போய்ப் படிந்துவிடும். முறுக்கிக்கொண்டு முட்கள் விட்ட ஸ்பைராஸ்டர் மிகச் சிறியது, படிய நெடுநேரம் எடுக்கும். பத்து நிமிடத்தில் மேல்நீரை உறிஞ்சினால் ஸ்பைராஸ்டர் எல்லாம் அதோடு போய்விடும். தகட்டில் டைலோஸ்டைல் மட்டும் தெரியும், மாதிரி வேறு பேரினத்தில் போய்ச் சேரும். ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு மணி நேரமாவது படியவிடுங்கள்.

ஒவ்வொரு வகையிலும் 25 ஊசிகளின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து, சிறியது, சராசரி, பெரியது என்று குறியுங்கள். ஒன்றிரண்டு மட்டும் வினோதமான வடிவில் தெரிந்தால் அவை பக்கத்துப் பஞ்சிலிருந்தோ மணலிலிருந்தோ வந்தவையாக இருக்கலாம். சவர அலகால் மெல்லிய சீவல் எடுத்து, உடலுக்குள் அவை அடுக்காக இருக்கின்றனவா என்று பார்த்தபின்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்கேரியாவாக இருந்தால் ப்ளீச் மட்டுமே. சிலர் பழக்கத்தில் நைட்ரிக் அமிலத்தை ஊற்றிவிடுவார்கள், சுண்ணாம்பு ஊசி முழுவதும் கரைந்துபோகும்.

டிஎன்ஏ பிரித்தெடுத்தல்

கடற்பஞ்சில் நிறமி, சளிச்சர்க்கரைகள், தற்காப்பு வேதிப்பொருள்கள் எல்லாம் நிறைந்திருக்கும். இவை பிசிஆர் வினையை (டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்குவது) தடுக்கும். எனவே அதிகத் திசு போட்டால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே தலைகீழ். 20 மில்லிகிராம் போதும். உருப்பெருக்கியின் கீழ் வைத்து, உட்பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். கால்வாய்களில் குடியிருக்கும் புழு, சிறு இறால், நொறுங்கு நட்சத்திரம் எல்லாவற்றையும் இடுக்கியால் அகற்றுங்கள். ஒரு புழு தப்பினாலும் கடைசியில் நீங்கள் படிப்பது புழுவின் மரபணுவாக இருக்கும்.

விலைக்குக் கிடைக்கும் கிட்டுகளும் உதவும். சளி மிகுந்த பஞ்சுக்கு சிடிஏபி என்ற சோப்புபோன்ற வேதிப்பொருளைக் கொண்டு பிரிக்கும் முறைதான் நம்பகமானது:

1. எத்தனால் ஆவியாகும்வரை திசுவை வடிதாளில் வைத்து உலர்த்தி, பொடியாக நறுக்குங்கள்.
2. 500 மைக்ரோலிட்டர் சிடிஏபி கரைசல் (சிடிஏபி 2 சதவீதம், சோடியம் குளோரைடு 1.4 மோலார், ஈடிடிஏ 20 மில்லிமோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், பிஹெச் 8.0), அதோடு 1 மைக்ரோலிட்டர் மெர்காப்டோஎத்தனால், 20 மில்லிகிராம்/மில்லி செறிவுள்ள புரோட்டினேஸ் கே 10 மைக்ரோலிட்டர். 56 டிகிரியில் மூன்று மணி நேரம், இடையிடையே குலுக்கி.
3. குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24:1 விகிதத்தில் கலந்த திரவத்தைச் சம அளவு ஊற்றி, ஐந்து நிமிடம் மெதுவாகப் புரட்டுங்கள். 12,000 ஜி விசையில் பத்து நிமிடம் சுழற்றி மேல்நீரை எடுங்கள். கலங்கலாக இருந்தால் திரும்பச் செய்யுங்கள். இதெல்லாம் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான்.
4. எடுத்த மேல்நீரின் அளவில் 0.7 பங்கு ஐசோபுரோப்பனால். அறைவெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து, 15 நிமிடம் சுழற்றுங்கள். இரவு முழுவதும் மைனஸ் 20இல் வைத்தால் சளிச்சர்க்கரையும் சேர்ந்து படிந்து கூழாகிவிடும்.
5. 70 சதவீத எத்தனாலால் இருமுறை கழுவி, பத்து நிமிடம் உலர்த்தி, 50 மைக்ரோலிட்டர் டிஇ கரைசலில் கரையுங்கள்.

கருவி நல்ல டிஎன்ஏ அளவைக் காட்டுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். சில கடற்பஞ்சுகளில் உடல் திணிவின் 40 சதவீதம் வரை நுண்ணுயிர்கள். நீங்கள் அளந்ததில் பெரும்பங்கு பாக்டீரியா டிஎன்ஏவாக இருக்கலாம். ஒரே ஒரு மரபணுவைப் பெருக்கும் வேலைக்கு இது பெரிய இடர் அல்ல. மரபணுத்தொகை முழுவதையும் துண்டுதுண்டாகப் படிக்கும் முறைகளில் பணம் முழுவதும் பாக்டீரியாவைப் படிப்பதில் கரைந்துவிடும். புதிய திசு கையிலிருந்தால், கால்சியமும் மக்னீசியமும் இல்லாத செயற்கைக் கடல்நீரில் உயிரணுக்களைப் பிரித்து, குறைந்த வேகத்தில் சுழற்றினால் கனமான பஞ்சு உயிரணுக்கள் அடியில் தங்கும், பாக்டீரியா மேலே மிதக்கும்.

எந்த மரபணுக்குறி

மீனிலும் பூச்சியிலும் இனத்துக்குள் வேறுபாடு காட்டும் மைட்டோகாண்ட்ரியல் சிஓஐ மரபணு, கடற்பஞ்சில் மிக மெதுவாக மாறுகிறது. மத்தியதரைக் கடலின் கிராம்பே கிராம்பே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2004இல் வெளியான ஆய்வில், மேற்கு மத்தியதரைக் கடலிலிருந்து அட்லாண்டிக் தீவுகள் வரை பார்த்தும் சிஓஐயில் இரண்டே வகைகள் கிடைத்தன. அதே இனத்தை அதே ஆண்டு மைக்ரோசாட்டலைட்டால் பார்த்த ஆய்வில் கூட்டங்கள் வலுவாகப் பிரிந்திருந்தன. இந்தோ-பசிபிக்கின் ஆஸ்ட்ரோஸ்கிளீரா வில்லேயானாவிலும் சிஓஐ வேறுபாடு மிகக் குறைவு என்று 2006இல் காட்டப்பட்டது. ஆகவே சிஓஐயில் எல்லாம் ஒன்றுபோல் வந்தால், "இரு கடலும் கலந்திருக்கின்றன" என்று எழுதக் கூடாது. அந்தக் குறியால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலவில்லை என்பதே உண்மை.

எங்கள் பரிந்துரை இரண்டு படிகள். முதல் படியில், ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஐந்து உயிர்களுக்குச் சிஓஐயும், உட்கருவிலுள்ள 28எஸ் என்ற ரைபோசோம் மரபணுப் பகுதியும் படியுங்கள். இது இனத்தை உறுதிசெய்ய. சிஓஐயில், இனம் காண வழக்கமாகப் படிக்கும் பார்கோடு துண்டோடு நிற்காமல், அதைத் தாண்டி நீளும் ஐ3-எம்11 பகுதியையும் சேருங்கள். அதில் மாற்றங்கள் கூடுதல் என்று 2006இல் எர்பன்பெக் குழு காட்டியது. இரண்டாம் படியில்தான் கூட்டங்களைப் பிரித்துப் பார்க்கும் குறிகள்: பத்து மைக்ரோசாட்டலைட்டுகளோ, டிடிராட் முறையில் (மரபணுத்தொகையை என்சைமால் வெட்டிச் சில துண்டுகளை மட்டும் படிப்பது) ஒற்றையெழுத்து மாற்றங்களோ. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐடிஎஸ் பகுதி வேகமாக மாறும், லியூசெட்டா சாகோசென்சிஸ் என்ற மஞ்சள் சுண்ணாம்புப் பஞ்சின் பரவலை அறிய அது நன்றாக உதவியிருக்கிறது. ஆனால் ஓர் உயிருக்குள்ளேயே பல நகல்கள் மாறுபட்டிருக்கலாம். வரிசையில் இரட்டை முகடுகள் வந்தால் குளோனிங் செய்துதான் பிரிக்க வேண்டும்.

சிஓஐ பெருக்க 25 மைக்ரோலிட்டர் வினை: மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், டிஎன்டிபி ஒவ்வொன்றும் 0.2 மில்லிமோலார், பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒவ்வொன்றும் 0.4 மைக்ரோமோலார், பிஎஸ்ஏ புரதம் 10 மைக்ரோகிராம், டாக் என்சைம் 0.6 யூனிட், பத்துக்கு ஒன்றாக நீர்த்த டிஎன்ஏ 1 மைக்ரோலிட்டர். 94 டிகிரியில் மூன்று நிமிடம்; பிறகு 94 டிகிரி 30 நொடி, 42 டிகிரி 45 நொடி, 72 டிகிரி ஒரு நிமிடம் என்று 35 சுற்று; கடைசியாக 72 டிகிரியில் ஐந்து நிமிடம். ஃபோல்மர் குழு 1994இல் வெளியிட்ட பிரைமர் இணைக்கு ஜெல்லில் ஏறத்தாழ 710 அடியிணையில் பட்டை வர வேண்டும்.

பட்டையே வரவில்லையா? டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், ஐம்பதுக்கு ஒன்றாக நீர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் தடுப்புப் பொருள்தான் காரணம். பட்டை வந்தும் வரிசை ஒத்துப்போகவில்லை என்றால், ஜென்பேங்க் என்ற பொது வரிசைத் தரவுத்தளத்தில் பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைக் காட்டும்) தேடல் செய்யுங்கள். புழு, பாசி, பாக்டீரியா என்று வந்தால் திசுவை மீண்டும் துப்புரவாக எடுக்க வேண்டும். நல்ல வரிசை என்றாலும் புரதமாக மொழிபெயர்த்துச் சரிபாருங்கள். ஸ்பீசியோஸ்பாஞ்சியா அடங்கிய டெமோஸ்பாஞ்சியே வகுப்புக்கு நான்காம் எண் மரபுக்குறியீட்டு அட்டவணைதான் பொருந்தும். வழக்கமான முதல் அட்டவணையைப் போட்டால் டிஜிஏ வரும் இடமெல்லாம் நிறுத்தக்குறியாகத் தெரியும். நல்ல வரிசையைப் போலி மரபணு என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள். கல்கேரியாவில் மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகையின் அமைப்பே வேறு, ஃபோல்மர் பிரைமர் அங்கே வேலை செய்யாது. அங்கு 28எஸ், ஐடிஎஸ் வழியில் போங்கள்.

பகுப்பாய்வின் வரிசை

வரிசை மாறினால் முடிவு மாறும். முதலில் நகல்களைக் கண்டுபிடியுங்கள். எல்லாக் குறிகளிலும் ஒத்த மரபுவகை கொண்டவை ஒரே உயிராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, நகல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆர் மொழியில் பாப்பர் தொகுப்பு உண்டு.

அடுத்து மறை இனங்கள். ஸ்ட்ரக்சர் மென்பொருளோ முதன்மைக்கூறு வரைபடமோ ஒரே இடத்து மாதிரிகளை இரண்டு கொத்தாகப் பிரிக்கிறதா? அந்தக் கொத்துகளுக்கு இடையே கலப்பு இல்லையா? 28எஸ்ஸும் ஊசி அளவும் டெண்டியின் வடிவ வகைகளும் அதே கோட்டில் பிரிகின்றனவா? அப்படியானால் கையில் இருப்பது இரண்டு இனங்கள். அவற்றைச் சேர்த்துக் கூட்ட வேறுபாட்டு அளவான எஃப்எஸ்டி கணக்கிடுவது தவறு. இதைப் பாராமல் போனால் கலப்பினக் குறைவு (ஒரு குறியில் இரு வேறு அல்லீல்கள், அதாவது மாற்று வடிவங்கள், கொண்ட உயிர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பது) பெரிதாகத் தெரியும், "உள்கலப்பு அதிகம்" என்று தவறாக எழுதிவிடுவீர்கள். கலப்பினக் குறைவுக்கு மூன்று காரணங்கள் உண்டு: உண்மையான உள்கலப்பு, ஒரே இடத்தில் மறைந்திருக்கும் இரு கூட்டங்கள், பிசிஆரில் பெருகாமல் போகும் பூஜ்ய அல்லீல்கள். எல்லாக் குறிகளிலும் குறைவு தெரிந்தால் முதல் இரண்டில் ஒன்று. ஓரிரு குறிகளில் மட்டும் என்றால் மூன்றாவது. அந்தக் குறிகளை நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் எஃப்எஸ்டியும் தொலைவோடு அதற்குள்ள தொடர்பும். தொலைவை வரைபடத்தில் நேர்க்கோடாக அளக்காதீர்கள். மண்டபம் வடகரையும் தென்கரையும் தரைவழியே அருகருகே இருந்தாலும், இளவுயிரி பாம்பன் கால்வாய் வழியாகவோ இராமர் பாலத்தின் இடைவெளிகள் வழியாகவோதான் போக வேண்டும். நீர்வழித் தூரத்தை அளந்து, தூரத்துக்கும் மரபணு வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பைச் சோதிக்கும் மேன்டல் சோதனையில் இடுங்கள். பிறகு கேளுங்கள்: ஒரே அளவு நீர்வழித் தூரத்தில், ஒரே கடலுக்குள் இருக்கும் இரு இடங்களைவிட, பாலத்துக்கு இரு பக்கமும் இருக்கும் இரு இடங்கள் கூடுதலாக வேறுபடுகின்றனவா? ஆம் என்றால் பாலம் தடை. இல்லை என்றால் தொலைவு மட்டுமே காரணம். இந்த ஒப்பீட்டுக்காகத்தான் தொண்டியும் கீழக்கரையும் பட்டியலில் இருக்கின்றன.

குடியேற்றத் திசையை அல்லீல்களின் எண்ணிக்கை காட்டும். புதிதாகக் குடியேறிய கூட்டத்தில் வகைகள் குறைவாகவும், மூலக் கூட்டத்தின் ஒரு பகுதியாகவும் இருக்கும். பாக் விரிகுடாவின் அல்லீல்கள் பெரும்பாலும் மன்னாரில் இருப்பவற்றுக்குள் அடங்கினால் வழி தெற்கிலிருந்து. சென்னையில் இருப்பவற்றுக்குள் அடங்கினால் வடக்கிலிருந்து. ஒப்பிடுமுன் மாதிரி எண்ணிக்கையைச் சமப்படுத்துங்கள், இல்லையெனில் அதிகம் எடுத்த இடத்தில் அதிக அல்லீல் இருப்பது போலத் தோன்றும். வாடைக்காலத்தில் நீரோட்டம் பொதுவாகத் தெற்கு நோக்கியும் கச்சான் காலத்தில் வடக்கு நோக்கியும் போவதால், உங்கள் இனம் எந்த மாதத்தில் இளவுயிரி விடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று துண்டுகளைத் திசுவெட்டு எடுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

பரவல் வரைபடம்

உலகக் கடற்பஞ்சுத் தரவுத்தளத்தில் இனத்தின் இன்றைய பெயரையும் பழைய பெயர்களையும் எடுத்து, எல்லாப் பெயர்களிலும் பழைய பதிவுகளைத் தேடுங்கள். இந்த இனம் முதலில் சூபரைட்டஸ் என்றும், பிறகு ஸ்பைராஸ்ட்ரெல்லா என்றும் அழைக்கப்பட்டது. ஒரே பெயரில் தேடினால் இந்தியப் பதிவுகளில் பாதி கண்ணில் படாது. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று தரங்களில் ஒன்றைக் கொடுங்கள்: டிஎன்ஏவும் சான்று மாதிரியும் உள்ளது, ஊசி விவரம் மட்டும் உள்ளது, பெயர்ப் பட்டியலில் மட்டும் உள்ளது. வரைபடத்தில் மூன்றுக்கும் மூன்று நிறம். யாரும் தேடாத கரையை "இல்லை" என்று காட்டாமல் வெறுமையாக விடுங்கள். நம் கிழக்குக்கரையில் பல இடங்களில் கடற்பஞ்சு இல்லாமல் இல்லை, பார்த்தவர் இல்லை.

வரிசைகளை ஜென்பேங்கில் ஏற்றும்போது சான்று மாதிரியின் பதிவெண், அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கட்டாயம் நிரப்புங்கள். படங்களையும் ஊசி அளவுகளையும் கட்டுரையின் இணைப்பில் முழுமையாகக் கொடுங்கள். மைக்ரோசாட்டலைட் தரவைச் சராசரியாக மட்டும் தராமல், ஒவ்வோர் உயிருக்கும் உரிய முழு அட்டவணையாக வெளியிடுங்கள். நாளை இலங்கைக் கரையிலோ இலட்சத்தீவிலோ ஒருவர் இதே இனத்தை எடுக்கும்போது தன் தரவை உங்களுடையதோடு இணைக்க அது தேவைப்படும். மைக்ரோசாட்டலைட் அளவுகள் கருவிக்குக் கருவி ஓரிரு எண் மாறும் என்பதால், நான்கைந்து மாதிரிகளின் டிஎன்ஏவை மைனஸ் 80இல் ஒதுக்கி வைத்து, கேட்பவர்களுக்கு அளவு ஒப்பிட அனுப்பத் தயாராக இருங்கள். வெளிநாட்டிலிருந்து கேட்டால் முன்பு சொன்ன பல்லுயிர் ஆணைய அனுமதி இதற்கும் பொருந்தும்.